சயாமுக்குப் போனவர்கள்

1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை புக்கிட் பாஞ்சாங் வழியாகத்தான் சிங்கப்பூர் நகரை நெருங்கியது. நகரம் விழுந்தபின் நடந்த கொடுமையொன்றைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவேண்டும். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். நல்ல சம்பளமென்று ஆசை காட்டினார்கள். வராதவர்களைப் பிடித்தும் ஏற்றினார்கள். காலரா, மலேரியா, பட்டினி. மாண்டவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை.

1957இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' படத்தை உலகமே பார்த்தது. அது வெள்ளைக்காரக் கைதிகளின் கதை. நம்மவர்களை அதில் காணோம். காஞ்சனாபுரியில் அக்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகளும் உண்டு. நம்மவர் கதையை 1993இல் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலாக்கினார்.

சயாமுக்குப் போன தாத்தாவைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பிள்ளைகள் நோட்டில் எழுதி வைக்கட்டும்.