இராமானுஜனின் டௌவும் 26 இலக்கப் பகா எண்ணும்

தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே வகுபடும் எண் பகா எண் என்று பள்ளியில் படித்திருப்போம். அப்படி ஒரு பெரிய பகா எண்ணுக்குப் பின்னால் ஒரு தமிழரின் கதை இருக்கிறது.

சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த கும்பகோணத்து இராமானுஜன் 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். 1916-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மதிப்பு தரும் 'டௌ' சார்பு வருகிறது. டௌ(2) = -24, டௌ(3) = 252. இரண்டையும் பெருக்கினால் -6048. அதுதான் டௌ(6)! பொதுக் காரணி இல்லாத எந்த இரு எண்களுக்கும் இது பொருந்தும் என்று ஊகித்தார். மறு ஆண்டே மோர்டெல் அதை நிரூபித்தார்.

இராமானுஜன் 30 வரை டௌ மதிப்புகளை அட்டவணையாகத் தந்தார். அதில் ஒரு பகா எண்கூட இல்லை. ஏன்? ஒற்றை எண்களின் வர்க்கங்களுக்கு மட்டுமே டௌ ஒற்றைப்படையாக வரும். மற்றதெல்லாம் 2-ஆல் வகுபட்டுவிடும். 30-க்குள் அப்படிப்பட்டவை 1, 9, 25 மட்டுமே. டௌ(1) = 1, அது பகா எண் அல்ல. டௌ(9) = -113643, 3-ஆல் வகுபடும். டௌ(25) = -25499225, 5-ல் முடிகிறது.

முதல் பகா எண்ணை அமெரிக்கரான லேமர் 1965-ல் கண்டுபிடித்தார். 251-இன் வர்க்கமான 63001-க்குப் போனால்தான் அது கிடைக்கிறது. குறியை விட்டுவிட்டால் அந்த எண்:

80561663527802406257321747

டௌ(251)-ஐ வர்க்கப்படுத்தி, 251-இன் 11-ஆம் அடுக்கைக் கழித்தால் இது வந்துவிடும். அந்தச் சூத்திரமும் இராமானுஜனின் ஊகம்தான்.

டௌ எவ்வளவு பெரிதாகலாம் என்ற அவருடைய இன்னொரு ஊகத்தை டெலின் 1974-ல்தான் நிரூபித்து முடித்தார். இராமானுஜனோ 1920-லேயே, 32 வயதில் மறைந்துவிட்டார்.

டௌ எங்காவது 0 ஆகுமா? 1947-ல் லேமர் எழுப்பிய இந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.