ஜித்ரா அரண்வரிசையின் வீழ்ச்சி, டிசம்பர் 1941: மழையும் முடிவெடுக்காமையும்

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களின் வரலாறு, காவிரிப் படுகையின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி. கூத்தாநல்லூரின் வணிகக் குடும்பங்கள் பல அந்தக் கடல்வழியால் வளர்ந்தவை. அந்த வழி அடைபட்டதற்கான படைத்துறைக் காரணத்தைத் தேடினால் கெடா மாநிலத்தின் ஜித்ராவுக்குத்தான் போக வேண்டும். சோழர் வரலாறு படித்தவர்களுக்கு அது கடார நாடு.

1941 டிசம்பர் 11, 12 தேதிகளில் நடந்த சண்டையில் பிரிட்டிஷ் தரப்பின் 11ஆம் இந்திய டிவிஷன் ஜித்ராவில் ஜப்பானியரிடம் தோற்றது. ஜப்பானிய டாங்கிகளே இதற்குக் காரணம் என்பது வழக்கமான விளக்கம். மலாயாவில் அப்போது பிரிட்டிஷ் தரப்பிடம் டாங்கி இல்லை, இந்தியச் சிப்பாய்களில் பலர் டாங்கியையே பார்த்ததில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் டாங்கி வருவதற்கு முன்பே அரண் பாதி தோற்றிருந்தது என்பது என் வாதம்.

டிவிஷனின் தளபதி மர்ரே-லயனிடம் இரண்டு வேலைகள் ஒப்படைக்கப்பட்டிருந்தன. ஒன்று, சயாமுக்குள் பாய்ந்து சிங்கோராவைப் பிடிக்கும் ‘மேட்டடார்’ திட்டம். மற்றது, அலோர் ஸ்டார் விமானதளத்தைக் காக்க ஜித்ராவில் நின்று பொருதுவது. தலைமைத் தளபதி புரூக்-போப்பம் மேட்டடாரைத் தொடங்கும் அதிகாரத்தை டிசம்பர் 5 அன்றே பெற்றும் தயங்கினார். 8ஆம் தேதி ஜப்பானியர் சிங்கோராவில் இறங்கிய பின்னரே அத்திட்டம் கைவிடப்பட்டது. அதுவரை பாய்ச்சலுக்குக் காத்திருந்த படை, கொட்டும் மழையில், முடியாத அரணுக்குத் திரும்பியது. முள்கம்பியும் கண்ணிவெடியும் அவசர அவசரமாக இடப்பட்டன.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீண்ட அந்த வரிசையின் மேற்குப் பகுதி வயலும் சதுப்பும். அடைமழையில் நஞ்சையில் பள்ளம் வெட்டினால் என்ன ஆகும் என்று டெல்டா விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கீழே ஊற்று, மேலே மழை. ஒரே இரவில் நிரம்பிவிடும். அத்தகைய நிலத்தில் அரண் வேண்டுமென்றால் நிலம் காய்ந்திருக்கும்போதே வடிகாலோடு வெட்டி முடித்திருக்க வேண்டும். மழை இரு தரப்புக்கும் பொதுதானே என்று கேட்கலாம். பொதுதான், ஆனால் பலன் பொதுவல்ல. பள்ளத்தில் நிற்பவனை அது நனைத்துக் களைப்பாக்கியது. தார்ச்சாலையில் வருபவனை நிறுத்தவில்லை. வயல் சேற்றில் டாங்கி இறங்க முடியாது. ஆகவே உண்மையில் காக்க வேண்டியிருந்தது சாலையைத்தான். படையோ 22 கிலோமீட்டருக்கும் பரத்தப்பட்டிருந்தது.

11ஆம் தேதி பிற்பகல் நங்காவில், வரிசைக்கு முன்னால் நிறுத்தப்பட்டிருந்த 1/14 பஞ்சாப் படைப்பிரிவின் மேல் டாங்கிகள் சாலை வழியே பாய்ந்தன. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளைக் கையாள வேண்டியவர்கள் மழைக்கு ரப்பர் மரங்களின் அடியில் ஒதுங்கியிருந்தார்கள். மறுநாள் காலை மர்ரே-லயன் பின்வாங்க அனுமதி கேட்டார், மலாயாப் படைத்தலைவர் பெர்சிவல் மறுத்தார். இரவில் கொடுத்தார். இருட்டிலும் மழையிலும் ஒற்றைச் சாலையில் நடந்த அந்தப் பின்வாங்கலில், உத்தரவு எட்டாத பிரிவுகள் அங்கேயே விடப்பட்டன. சாலையில் முன்னேறி வந்த ஜப்பானிய முன்னணிப் படை சில நூறு பேர்தான். சிப்பாய்களின் கோழைத்தனம் என்று இதைச் சொல்பவர்கள், அனுபவமுள்ளவர்களைப் புதிய படைப்பிரிவுகளுக்கு அனுப்பிவிட்டுப் புதியவர்களால் இந்த டிவிஷனை நிரப்பியவர்கள் யார் என்றும் சொல்ல வேண்டும்.

ஒரு வாரத்துக்குள், டிசம்பர் 19 அன்று, ஜப்பானியர் பினாங்கில் நுழைந்தார்கள்; நாகப்பட்டினக் கடல்வழி அடைபட்டது. சிதறிய 1/14 பஞ்சாப் பிரிவின் கேப்டன் மோகன் சிங் அலோர் ஸ்டாரில் சரணடைந்து, முதல் இந்திய தேசிய ராணுவத்தை அமைத்தார். 1943இல் சுபாஷ் சந்திர போஸின் அழைப்பை ஏற்றுத் தோட்டத் தமிழர்கள் சேர்ந்த படைக்கு வேர் இந்தத் தோல்வியில் இருக்கிறது.

சண்டையின் படைத்துறை ஆவணங்கள் ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும் கிடைக்கின்றன. கடலுக்கு இப்பால் காத்திருந்தவர்களின் பக்கம் எழுதப்பட வேண்டும். கூத்தாநல்லூர் வீடுகளில் அக்காலப் பினாங்குக் கடிதங்களோ கணக்கேடுகளோ இருந்தால், அவற்றைப் பழைய தாளுக்குப் போடாமல் ஆய்வாளர்களுக்குக் காட்டுங்கள்.