நார்தாம்ப்டன் கவுன்ட்டியின் கைது, நீதிமன்றப் பதிவேடுகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருவர் கைதானதும், அவர்மீது வழக்கு நடந்ததும், அது எப்படி முடிந்தது என்பதும் பெரும்பாலும் கவுன்ட்டி அளவில்தான் எழுதி வைக்கப்படுகின்றன. கவுன்ட்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த ஆட்சிப் பிரிவு. நாடு முழுவதும் ஏறத்தாழ 3,000 கவுன்ட்டிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை கிராமப்புறத்தைச் சேர்ந்தவை. அங்கே ஷெரீப் என்னும் கவுன்ட்டிக் காவல் தலைவரின் அலுவலகம், ஒரு நீதிமன்றக் கட்டடம், அதன் எழுத்தர் அலுவலகம் ஆகியவையே எல்லா ஆவணங்களுக்கும் இருப்பிடம்.

இவ்வகைக் கவுன்ட்டிகளில் தனியிடம் பெற்றது வர்ஜீனியா மாநிலத்தின் நார்தாம்ப்டன். மேற்கே செசபீக் விரிகுடாவும் கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடலும் சூழ்ந்த தீபகற்பத்தின் தென்முனையில் இது அமைந்துள்ளது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 12,282. தலைமையிடம் ஈஸ்ட்வில் என்ற சிற்றூர். இங்குள்ள நீதிமன்றப் பதிவேடுகள் 1632 முதல் இடையறாமல் தொடர்கின்றன. நாட்டில் இதைவிடப் பழைய தொடர்ச்சியான நீதிமன்றப் பதிவேடு வேறெங்கும் இல்லை.

தோற்றமும் தொடக்கக்கால வழக்குகளும்

1634இல் வர்ஜீனியா குடியேற்றம் எட்டுப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டபோது விரிகுடாவின் கீழ்க்கரை (கிழக்குக் கரை) அக்கோமாக் என்ற பெயரில் அவற்றுள் ஒன்றாயிற்று. அதன் முதல் ஷெரீப் வில்லியம் ஸ்டோன், பின்னாளில் மேரிலாந்தின் ஆளுநரானார். 1640களின் தொடக்கத்தில் அக்கோமாக்கின் பெயர் நார்தாம்ப்டன் என மாற்றப்பட்டது. 1663இல் வடபகுதி தனியாகப் பிரிந்து பழைய பெயரான அக்கோமாக்கை ஏற்றது. ஆகவே 1663க்கு முந்தைய கீழ்க்கரை வழக்கு எதுவாயினும் அதை ஈஸ்ட்வில்லில்தான் தேட வேண்டும். அதற்குப் பிந்தைய வழக்குக்குச் சம்பவம் எந்தப் பகுதியில் நடந்தது என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அக்கால நீதிபதிகள் சட்டம் பயின்றவர்கள் அல்லர். நிலம் படைத்த உள்ளூர்ப் பெரியவர்கள். நீதிமன்றத்துக்கெனக் கட்டடம் எழும்புமுன் வீடுகளிலும் சத்திரங்களிலும் கூடினார்கள். அவதூறு, கடன், கால்நடைத் திருட்டு, வேலையாள் ஓட்டம், கள்ள உறவு என எல்லாம் ஒரே அமர்வில் விசாரிக்கப்பட்டன. புகையிலையே நாணயமாகப் புழங்கியதால் அபராதமும் கடனும் புகையிலை எடையில் குறிக்கப்பட்டன. எழுத்தர் இவற்றையெல்லாம் ஒரே ஏட்டில் தேதி வரிசையில் எழுதினார். குற்ற வழக்குக்கெனத் தனி ஏடு அந்நாளில் இல்லை. இந்த ஏடுகளின் 1632 முதல் 1640 வரையிலான பகுதியை வரலாற்றாசிரியர் சூசி எம். ஏம்ஸ் பதிப்பித்து 1954இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். 1640 முதல் 1645 வரையிலான பகுதி 1973இல் வெளிவந்தது. ஏட்டைத் தொடாமலேயே முதல் 13 ஆண்டுகளின் வழக்குகளைப் படிக்க இவ்விரு நூல்களும் உதவுகின்றன.

இந்த ஏடுகளில் மிகுதியாக ஆராயப்பட்டது ஜான் கேசர் வழக்கு. அந்தோனி ஜான்சன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, கட்டுண்ட உழைப்பிலிருந்து விடுபட்டு, நிலவுடைமையாளர் ஆனவர். அவரிடம் வேலை செய்த கேசர், தம் ஒப்பந்தக் காலம் முடிந்தும் தம்மை விடவில்லை என்று முறையிட்டு, அண்டை நிலக்காரர் ராபர்ட் பார்க்கரிடம் போய்ச் சேர்ந்தார். ஜான்சன் வழக்குத் தொடுத்தார். கேசர் ஜான்சனிடமே திரும்ப வேண்டும், செலவைப் பார்க்கர் ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. குற்றம் எதுவும் செய்யாத ஒருவர் வாழ்நாள் முழுவதும் மற்றொருவருக்கு உரியவர் என உரிமையியல் நீதிமன்றம் ஒன்று ஒப்புக்கொண்ட தொடக்கக்காலத் தீர்ப்புகளில் இது முதன்மையானது. ஏட்டில் இதன் தேதி 1654 மார்ச் 8 எனக் காணப்படும்; இன்றைய கணக்கில் அது 1655. ஆங்கில ஆட்சிப்பகுதிகளில் 1752க்கு முன் ஆண்டுப் பிறப்பு மார்ச் 25 என்பதே இதற்குக் காரணம். ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான பழைய பதிவுகளைத் தேடுவோர் முந்தைய ஆண்டின் பக்கங்களையும் புரட்ட வேண்டும். ஆட்பெயர்களின் எழுத்துக்கூட்டலும் அந்நாளில் நிலைபெறவில்லை. ஒரே ஆளின் பெயர் ஒரே வழக்கில் இரண்டு விதமாக எழுதப்படுவதுண்டு.

அக்கோமாக் ஏட்டில் உள்ள 1665ஆம் ஆண்டு வழக்கு, நீதிமன்றப் பதிவேடு ஒன்றின் மதிப்பை நன்கு விளக்கும். புங்கோட்டீக் என்ற ஊரின் சத்திரத்தில் அவ்வாண்டு ஆகஸ்ட் 27 அன்று மூவர் கரடியையும் அதன் குட்டியையும் பெயராகக் கொண்ட நாடகம் ஒன்றை நடித்தார்கள். எட்வர்டு மார்ட்டின் என்பவர் புகார் கொடுத்தார். நடித்தவர்கள் அதே உடையில், நாடகப் பிரதியுடன் வந்து நிற்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. விசாரணையில் குற்றமில்லை என்று தெரிந்தது. செலவு புகார்தாரர் தலையில் விழுந்தது. நாடகப் பிரதி அழிந்துவிட்டது. அமெரிக்காவின் ஆங்கிலக் குடியேற்றங்களில் நடந்ததாக ஆவணம் உள்ள முதல் நாடகம் இதுவே என்று இன்று சொல்ல முடிவதற்கு இந்த வழக்குப் பதிவு ஒன்றே ஆதாரம். புகாரை மட்டும் படித்து நிறுத்தியிருந்தால் அந்த மூவரும் குற்றவாளிகளாகவே நினைக்கப்பட்டிருப்பார்கள். முடிவுப் பதிவுதான் அவர்களை விடுவித்தது.

பதிவேடுகள் பிழைத்த விதம்

வர்ஜீனியாவின் கிழக்குக் கவுன்ட்டிகள் பலவற்றில் பழைய ஏடுகள் இல்லை. உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக் கருதி அவற்றைத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பினார்கள். 1865 ஏப்ரல் 3 அன்று நகரம் எரிந்தபோது அவையும் சாம்பலாயின. நார்தாம்ப்டனைக் காப்பாற்றியது அதன் தனிமை. 1861 நவம்பரிலேயே வடமாநிலங்களின் படை கீழ்க்கரையைப் பெரிய சண்டையின்றிக் கைப்பற்றியது. இடையே விரிகுடா கிடந்ததால் ஈஸ்ட்வில் ஏடுகள் தலைநகருக்குப் போகவில்லை. 1964இல் செசபீக் விரிகுடாப் பாலமும் சுரங்கவழியும் திறக்கப்படும்வரை தென்கரையிலிருந்து இங்கு வரச் சாலைவழியே இருந்ததில்லை. ஈஸ்ட்வில் நீதிமன்ற வளாகத்தில் பழைய நீதிமன்றம், எழுத்தர் அலுவலகம், கடனாளிச் சிறை ஆகிய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. ஏடுகளின் மைக்ரோபிலிம் படிகள் ரிச்மண்டிலுள்ள வர்ஜீனியா நூலகத்தில் கிடைக்கின்றன.

பழைய கவுன்ட்டி நீதிமன்றங்கள் 1904இல் ஒழிக்கப்பட்டு, அவற்றின் பணிகளும் ஏடுகளும் மாநிலத்தின் மேல்நிலை விசாரணை மன்றமான சர்க்யூட் நீதிமன்றத்துக்கு மாறின. ஈஸ்ட்வில்லில் 17ஆம் நூற்றாண்டின் ஏடும் இவ்வாண்டின் வழக்குக் கட்டும் ஒரே எழுத்தரின் பொறுப்பில் இருப்பது இதனால்தான். அந்த எழுத்தரை வாக்காளர்கள் எட்டாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள்.

சட்ட அடிப்படை

நீதிமன்றப் பதிவுகளும் காவல்துறைப் பதிவுகளும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் வருகின்றன. சர்க்யூட் நீதிமன்ற ஆவணங்களை எவரும் பார்வையிடலாம் என்பது வர்ஜீனியாவின் சட்டம். காரணம் சொல்லத் தேவையில்லை. விசாரணை பொதுமக்கள் முன் நடக்க வேண்டும் என்ற உரிமையும் வர்ஜீனியா கிராமப்புற வழக்கொன்றில்தான் உறுதியானது. ஹனோவர் கவுன்ட்டியில் 1978இல் ஒரு கொலை வழக்கு மூடிய அறையில் நடத்தப்பட்டதை எதிர்த்து ரிச்மண்ட் செய்தித்தாள் நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

ஷெரீபிடம் உள்ள பதிவுகளுக்கு 1968ஆம் ஆண்டின் மாநிலத் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும். கைதாகிக் குற்றம் சாட்டப்பட்ட வயதுவந்தவரின் பெயர், குற்றச்சாட்டு, அதன் நிலை ஆகியவற்றைத் தந்தே ஆக வேண்டும். கைதானபோது எடுத்த படத்தை, புலனாய்வுக்கு ஊறு நேரும் என்றால் மட்டும் நிறுத்தி வைக்கலாம். விண்ணப்பத்துக்கு ஐந்து வேலைநாட்களுக்குள் பதில் வர வேண்டும். தேவையானால் மேலும் ஏழு வேலைநாள் எடுத்துக்கொள்ளலாம். இச்சட்டம் வர்ஜீனியாவாசிகளுக்கும் அங்குப் பரவலாகச் செல்லும் ஊடகங்களுக்கும் மட்டுமே உரிமை தருகிறது. இந்த வரையறை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் ஒருமனதாக முடிவுசெய்தது. வெளிமாநிலத்தவர் ஷெரீபிடம் போவதைவிட நீதிமன்ற எழுத்தரிடம் போவதே பயன் தரும்.

கைதுப் பதிவைத் தேடுதல்

கைதானவர் முதலில் மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுசெல்லப்படுகிறார். பிடியாணை எழுதுவதும் ஜாமீனை முடிவுசெய்வதும் அவரே. அதன்பின் ஒருவர் காவலில் வைக்கப்பட்டால் இடம் ஈஸ்ட்வில்லில் உள்ள கீழ்க்கரை வட்டாரச் சிறை. இன்று காவலில் இருக்கிறாரா என்பதை அறிய, பாதிக்கப்பட்டோருக்காக அமைந்த வைன் என்னும் அறிவிப்புச் சேவை உதவும். 1993இல் ஓர் இளம்பெண், ஜாமீனில் வெளிவந்தவரால் கொல்லப்பட்டதை அடுத்து, 1994இல் கென்டக்கியின் லூயிவில் நகரில் இது தொடங்கியது. விடுதலையானவரின் பழைய கைது விவரம் இதில் கிடைக்காது. அதற்கு ஷெரீப் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

ஒருவரின் முழுக் குற்ற வரலாறு மாநிலக் காவல்துறையின் மையப் பதிவகத்தில் உள்ளது. பொதுவாக உரியவரின் ஒப்புதல் இல்லாமல் அது தரப்படுவதில்லை. நாடெங்கும் சிதறிக் கிடக்கும் பொதுப்பதிவுகளை ஒரே பட்டியலாகத் தொகுத்துத் தருவது தனிமனித அந்தரங்கத்தைப் பாதிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் கூறியதும் இதே கருத்தில்தான்.

நீதிமன்றப் பதிவைத் தேடுதல்

சிறுகுற்றங்களைப் பொது மாவட்ட நீதிமன்றம் விசாரிக்கிறது. பெருங்குற்றங்களில் அங்கு முதற்கட்ட விசாரணை மட்டும் நடந்து, வழக்கு கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) வழியாகச் சர்க்யூட் நீதிமன்றத்துக்குப் போகிறது. மாவட்ட நீதிமன்றக் குற்ற வழக்கின் எண் 'ஜிசி' என்றும், போக்குவரத்து வழக்கின் எண் 'ஜிடி' என்றும், சர்க்யூட் குற்ற வழக்கின் எண் 'சிஆர்' என்றும் தொடங்கும். அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். சிறுகுற்றத் தீர்ப்பை எதிர்த்துப் பத்து நாட்களுக்குள் மேல்முறையீடு செய்தால் வழக்கு சர்க்யூட் நீதிமன்றத்தில் புதிய எண்ணில் முதலிலிருந்து நடக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் 'குற்றவாளி' என்று கண்டதும் தேடலை நிறுத்தினால், மேலே விடுதலையானது தெரியாமலே போகும்.

மாநில நீதித்துறையின் இணையத் தேடலில் பெயரையோ எண்ணையோ கொண்டு வழக்கைக் கண்டறியலாம், கட்டணம் இல்லை. பிறந்த நாளும் மாதமும் தெரியும், ஆண்டு மறைக்கப்பட்டிருக்கும். ஒரே பெயரில் தந்தையும் மகனும் வாழும் சிற்றூரில் இந்த இரண்டு விவரங்களையும் முகவரியையும் ஒப்பிடாமல் எவரையும் அடையாளம் காணக் கூடாது. இணையத்தில் கிடைப்பது சுருக்கமே. புகார், சாட்சியம், தீர்ப்பு ஆகிய தாள்களைப் படிக்க ஈஸ்ட்வில் எழுத்தர் அலுவலகத்துக்குத்தான் செல்ல வேண்டும். சர்க்யூட் நீதிமன்றத்தில் படி எடுக்கப் பக்கத்துக்கு 50 சென்ட். மாவட்ட நீதிமன்றம் குற்ற வழக்குத் தாள்களைப் பொதுவாக 10 ஆண்டுகளே வைத்திருக்கும். சர்க்யூட் ஏடுகள் நிலையானவை.

கூட்டாட்சிக் குற்றங்கள் கவுன்ட்டியில் பதிவாவதில்லை. அவற்றுக்குப் பேசர் என்னும் தனி இணையச் சேவை உண்டு. பக்கத்துக்கு 10 சென்ட். காலாண்டுத் தொகை 30 டாலருக்குள் இருந்தால் கட்டணம் இல்லை.

வரம்புகள்

சிறார் வழக்குகள் பொதுவாக மூடப்பட்டவை. 14 வயது நிறைந்தவர் மீதான பெருங்குற்ற வழக்குகள் இதற்கு விலக்கு. நீதிமன்ற ஆணையால் நீக்கப்பட்ட பதிவுகள் பார்வைக்குக் கிடைக்கமாட்டா. கைது என்பது குற்றச்சாட்டின் தொடக்கமே. வழக்கின் முடிவை எடுத்துக்காட்டாமல் கைதை மட்டும் வெளியிடும் தனியார் பட்டியல்கள் நம்பத்தக்கவை அல்ல.

தற்போதைய நிலை

மாநில அளவிலான வழக்குத் தரவு முழுவதையும் மொத்தமாகக் கேட்ட செய்தித்தாள் ஒன்றுக்கு, பதிவுகளின் சட்டப்படியான காப்பாளர் அந்தந்த நீதிமன்ற எழுத்தரே என்று வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் 2017இல் விடையளித்தது. பழைய குற்றப் பதிவுகள் பலவற்றைப் பொதுப்பார்வையிலிருந்து மூடும் சட்டம் 2021இல் இயற்றப்பட்டது.