மைசூர் சிறையும் ஒரு அப்பாவின் மனுவும்

2000-ம் வருடம் ஜூலை 30. நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திய அந்த வாரம், நஞ்சன்கூட்டில் கடைகள் மூடிக் கிடந்தன. நான் அப்போது பி.காம். மாணவன், தினமும் மைசூருக்கு ரயில். "வெளியே தமிழ் பேசாதடா" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். (கடத்தல் நடந்த காஜனூர், தாளவாடிப் பக்கம். எங்கள் ஊரிலிருந்து சாம்ராஜநகர் வழியாகப் போனால் அதிக தூரமில்லை!)

வீரப்பன் கேட்டவற்றில் ஒன்று, மைசூர் சிறையில் தடா சட்டத்தில் அடைபட்டிருந்தவர்களை விட வேண்டும் என்பது. பாதிப் பேருக்கு மேல் மலையோர கிராமத்து ஏழை ஜனங்கள், பெண்களும் உண்டு. ஏழெட்டு வருஷமாக உள்ளே. கர்நாடக அரசு இறங்கி வந்தது. தடா வழக்கை வாபஸ் வாங்க அரசு வக்கீல் மனு போட, மைசூர் தனி நீதிமன்றமும் ஆகஸ்டில் சரி என்றது.

அப்போதுதான் அப்துல் கரீம் என்ற பெரியவர், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவர் மகன் சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமது. 1992 ஆகஸ்ட் 14-ல் மீண்யம் அருகே எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவோடு வீரப்பன் ஆட்களால் கொல்லப்பட்டவர். ஒரு நடிகருக்காக வழக்கைக் கைவிடுகிறீர்களே, என் மகன் உயிருக்கு என்ன பதில் என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் வாபஸ் உத்தரவை ரத்து செய்தது. அரசு சொல்லிவிட்டது என்பதற்காக அரசு வக்கீல் தலையாட்டக் கூடாது, தானே யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்றது. நவம்பர் 15-ல், 108 நாள் கழித்து, ராஜ்குமார் எப்படியோ வீடு வந்து சேர்ந்தார்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பெரியவர் மேல் கோபம். எனக்கும்தான். இன்று எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் இடத்தில் நான் இருந்தால் வேறென்ன செய்திருப்பேன்?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2001 செப்டம்பரில் அதே மைசூர் தனி நீதிமன்றம் 14 பேரைத்தான் குற்றவாளிகள் என்றது. 109 பேர் விடுதலை. அதிரடிப்படையின் சித்திரவதைகளை விசாரித்த சதாசிவா குழுவின் அறிக்கைக்குப் பிறகு, தேசிய மனித உரிமை ஆணையம் 2007-ல் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. தலைக்குச் சராசரி மூன்று லட்சத்துச் சொச்சம். (வங்கிக்காரன் புத்தி, வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.)

அப்துல் கரீம் காலத்தில் 'பாதிக்கப்பட்டவர்' யார் என்றே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் விளக்கம் கிடையாது. அது 2009 கடைசியில்தான் அமலுக்கு வந்தது. கூடவே மேல்முறையீட்டு உரிமை, இழப்பீட்டுத் திட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 360-வது பிரிவோ, வழக்கை வாபஸ் வாங்க அனுமதிக்குமுன் பாதிக்கப்பட்டவரைக் கேட்டே ஆக வேண்டும் என்கிறது. இனி இன்னொரு அப்துல் கரீம் டெல்லி வரை போக வேண்டியதில்லை, உள்ளூர் கோர்ட்டே கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

அந்த 109 பேருக்கு? குற்றத்தால் அடிபட்டவருக்குத்தான் அந்த விளக்கம். வழக்கால் அடிபட்டவருக்கு இல்லை. காரணமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தால், வைத்தவரிடமிருந்து இழப்பீடு வாங்கித் தர ஒரு பிரிவு பழைய சட்டத்தில் இருந்தது, புதியதிலும் 399 என்ற எண்ணில் இருக்கிறது. உச்சவரம்பு ஆயிரம் ரூபாய்.