நீராவிக் கோச்சி உலா பிறந்த கதை

1928இல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. இலங்கை அரசாங்கப் புகையிரதப் பாதை காட்டையும் ஆற்றையும் கடந்து மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வந்து சேர்ந்தது. அதே வருடம் இங்கிலாந்தின் செல்ற்றனம் நகரில் ரயில் பைத்தியம் பிடித்த சிலர் கூடி, ரயில் பற்றிக் கடிதம் எழுதிக்கொள்ளவும் சேர்ந்து பயணம் போகவும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். முதலாவது காரியத்தால் எங்கள் பகுதிக்குக் கோச்சி கிடைத்தது. இரண்டாவதிலிருந்து, ஓய்வுபெற்ற நீராவி எஞ்சினைத் திரும்பப் பற்றவைத்து, ரிக்கற் எடுத்து ஏறி, ஒரு பகலை அதன் பின்னால் கழிக்கும் வழக்கம் பிறந்தது. இந்த இரண்டும் இன்னும் ஒரு நிலையத்தில் சந்திக்கவில்லை என்பதுதான் என் குறை.

முதலில் எங்கள் கதை. இலங்கையில் முதல் ரயில் 1864 டிசம்பரில் அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. பிறகு கோப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் கேட்ட பக்கமெல்லாம் பாதை மலையேறியது. காங்கேசன்துறைக்கு 1905இல் கொழும்பிலிருந்து நேர்ப்பாதை கிடைத்துவிட்டது. கிழக்கில் தேயிலை இல்லை; நெல்லும் தேங்காயும் மரமும் மீனும்தான். அவற்றைக் கரையோரக் கப்பலும், செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏறும் வீதியில் மாட்டுவண்டியும் கொண்டுபோயின. திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படைக்கு ஒரு துறைமுகம் இருந்தது. அது இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருடம் எங்களைக் காக்க வைத்திருப்பார்களோ.

போட்டதும் மலிவுப் பாதைதான். ‘லைட் ரெயில்வே’ என்றார்கள். அகலம் மற்றப் பாதைகளைப் போல ஐந்தரை அடி. ஆனால் தண்டவாளம் இலேசு, வேகம் குறைவு. மாஹோவில் வடபாதையை விட்டுக் கிழக்கே திரும்பி, கல் ஓயாச் சந்தியில் இரண்டாகப் பிரிந்தது. (அம்பாறைக் கல் ஓயாவோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு.) ஒரு கிளை 1927இல் திருகோணமலையைத் தொட்டது. மற்றது பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிகந்தை, புனானை, வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் என்று இறங்கி அடுத்த வருடம் மட்டக்களப்பில் நின்றது. வாவியைத் தாண்டித் தெற்கே கல்முனை, பொத்துவில் வரை நீட்டும்படி கேட்கும் குரல் அன்றிலிருந்து ஓயவில்லை. பாதையோ நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அந்தச் சிக்கனம் அதிகம் தெரிவது பாலங்களில்தான். மன்னம்பிட்டியில் மகாவலி, ஓட்டமாவடியில் வாழைச்சேனை ஆறு. வீதிக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று என்று கட்டக் காசில்லை. இரண்டுக்கும் ஒரே இரும்புப் பாலம். ஓட்டமாவடிப் பாலம் 1924இல், ஆளுநர் வில்லியம் மனிங் காலத்தில் எழுந்தது. அதே வருடம்தான் கல்லடியில் அவருடைய மனைவி பெயரில் ‘லேடி மனிங்’ பாலமும் திறந்தது. ஆனால் அதில் கோச்சி ஓடவில்லை. ஓட்டமாவடியில் தண்டவாளம் பாலத்துத் தளத்தோடு தளமாகப் பதிந்திருக்கும். அதன் மேலேயே லொறியும் பஸ்ஸும் மாட்டுவண்டியும் ஒற்றை வரிசையில் போகும். சைக்கிள்காரர் சக்கரத்தைத் தண்டவாளப் பள்ளத்துக்குள் விட்டுவிடாமல் ஓரமாக மிதிக்க வேண்டும். கோச்சி வரும் நேரம் இரண்டு கரையிலும் படலை விழும். சந்தைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வெயிலில் நிற்க, இரும்புச் சட்டங்களுக்கு நடுவே எஞ்சின் ஊர்ந்து வரும். 2010இல் ஸ்பெயின் உதவியோடு வீதிக்குத் தனிப் பாலம் வரும் வரை இதுதான் நடைமுறை. பழையதில் இப்போது கோச்சி மட்டும். மன்னம்பிட்டியில் வீதி 2007இலேயே ஜப்பான் உதவியோடு பிரிந்துவிட்டது.

பாதை வந்த காடு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சாட்சி கொழும்பு நூதனசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. புனானைச் சிறுத்தை. மட்டக்களப்பு வீதியில் பன்னிரண்டு பேரையாவது தின்ற அந்த விலங்கை 1924இல் ஷெல்டன் ஏகார் என்ற வெள்ளைக்காரர் சுட்டார். பெரிய சிறுத்தையாக்கும் என்று எண்ணிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்; சாதாரண அளவு. கிறிஸ்டோபர் ஒண்டாச்சி அதன் பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதியபிறகு, புனானை என்ற பெயர் அந்த நிலையத்தில் ஒருநாளும் இறங்காதவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

இனி செல்ற்றனம் ஆட்களிடம் போவோம். ரயிலில் உல்லாசம் போவது அவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1841 ஜூலை 5ஆம் திகதி தோமஸ் குக், ஏறக்குறைய ஐந்நூறு பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங்குக்கு லெஸ்டரிலிருந்து லஃப்பறோவுக்கு மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். குடிக்காதே என்று சொல்லப் போன பயணத்திலிருந்து உலகத்தின் உல்லாசப் பயணத் தொழில் முளைத்தது. 1932 பெரிய வெள்ளியன்று கிரேட் வெஸ்ரேண் ரயில்வே இன்னொரு வேடிக்கை செய்தது. எங்கே இறக்கப்போகிறோம் என்று சொல்லாமலே ரிக்கற் விற்றது. சப்பாத்தும் கைத்தடியுமாகச் சனம் லண்டன் பாடிங்ரன் நிலையத்தில் முண்டியடித்து ஏறி, இறக்கிவிட்ட ஊரிலிருந்து வயலும் ஆற்றங்கரையுமாக நடந்து, பின்னேரம் அதே வண்டியில் வீடு திரும்பியது. நாட்டுப்புற நடையையும் ரயிலையும் ஒரே ரிக்கற்றில் சேர்த்துக் கட்டியது இந்த மாதிரிப் பயணங்கள்தான். ஆனாலும் இவற்றில் எஞ்சினை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது அன்றாடம் இழுக்கிற எஞ்சின்.

1938இல் அது மாறியது. 1870இல் செய்த, எட்டடி விட்டமுள்ள இயக்கு சக்கரத்தோடு யோர்க் நூதனசாலையில் நின்ற பழைய எஞ்சின் ஒன்றை அந்தக் கோடையில் ரயில் நிறுவனம் விளம்பரத்துக்காக வெளியே எடுத்தது. செல்ற்றனத்தில் பிறந்த சங்கத்தார் விடுவார்களா? செப்டெம்பரில் அதை வாடகைக்கு அமர்த்தி, லண்டனிலிருந்து பீற்றர்பறோவுக்குத் தங்கள் ஆட்களை ஏற்றிப் போனார்கள். பீற்றர்பறோவில் யாருக்கும் வேலை இல்லை. அந்த எஞ்சினின் பின்னால் இருப்பதற்காகவே போனார்கள். நீராவி உலா என்று நாம் இன்று சொல்வது அன்று பிறந்தது என்பது என் கணக்கு.

அடுத்த அடி வேல்ஸில். ராலிஹ்லின் என்ற சிறு பாதை கற்பலகை ஏற்ற 1860களில் போட்டது. 1950இல் அதன் சொந்தக்காரர் இறந்துபோக, எல்.ரி.சி. ரோல்ற் என்ற எழுத்தாளர் பேர்மிங்ஹாமில் கூட்டம் கூட்டினார். 1951 மே மாதம் தொண்டர்களே அதை ஓட்டத் தொடங்கினார்கள். வேலை செய்யச் சம்பளம் வாங்காத ரயில்காரர்கள் உலகத்திலேயே முதன்முறையாக அங்கேதான் கிளம்பினார்கள்.

இந்த உலா பிறப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நீராவி முதலில் வேலையை இழக்க வேண்டும். இலங்கையில் அது 1950களில் நடந்தது. நாட்டில் நிலக்கரி இல்லை. கொதிகலனில் அள்ளிப்போடும் ஒவ்வொரு சவளும் கப்பலில் வந்தது. 1953இல் டீசல் எஞ்சின்கள் வந்தன. 1954இல் கொழும்புத் திட்டத்தில் கனடா அனுப்பிய எஞ்சின்களுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயரையே வைத்தார்கள். இன்று எங்கள் சனம் தெருத்தெருவாகக் குடியிருக்கும் ஒன்ராறியோ, அப்போது கொழும்பில் பெட்டி இழுக்கும் எஞ்சினாக இருந்தது. பி.டி. ரம்பால பொது முகாமையாளராக இருந்த காலத்தில் டீசல் ஊன்றிக்கொண்டது. யாழ்தேவி போல வண்டிகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கமும் வந்தது. நீராவி எஞ்சின்கள் தெமட்டகொடைப் பக்கம் ஒதுங்கித் துருப்பிடித்தன.

அவற்றில் சிலதைத் தட்டியெழுப்பியது 1986இல். ஜே.எஃப். ரூர்ஸ் என்ற பயண நிறுவனமும் புகையிரதத் திணைக்களமும் சேர்ந்து ‘வைஸ்ரோய் ஸ்பெஷல்’ என்ற வண்டியை விட்டன. (இலங்கையை ஆண்டவர்கள் ஆளுநர்கள், வைஸ்ரோய் இருந்தது இந்தியாவில். ஆனாலும் பெயர் விற்கும்.) நீராவி எஞ்சின், குளிரூட்டிய பெட்டி, சாப்பாட்டுப் பெட்டி, கண்டிப் பாதை. வெளிநாட்டுக் குழுக்கள் முன்கூட்டிப் பதிந்து அமர்த்தும் வண்டி அது. நம்மூர்க் குடும்பம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பார்சலோடு ஏறிப்போக அதில் வழியில்லை. பிறகு 2014 டிசம்பர் 27ஆம் திகதி, ரயிலுக்கு 150 வயதான நாளில், கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலை திறந்தது. அதுவும் மலைப்பக்கம்தான்.

தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரி. நீலகிரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும் உதகைக்கு 1908இலும் போன பாதையில் நீராவி இன்னும் தொழிலை விடவில்லை. 2005இல் அது யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. 1855இல் பிறந்த இஐஆர்-21 எஞ்சினைச் சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையில் சீர்செய்து, சுதந்திர தினம் போன்ற நாட்களில் சிறிது தூரம் ஓட்டிக் காட்டுகிறார்கள். ஆசைப்பட்டால் நகரத்துக்கு நடுவிலும் நடக்கும் காரியம்தான்.

மட்டக்களப்பில் ஏன் நடக்கவில்லை? எங்களுக்குக் கோச்சி ஒருநாளும் விளையாட்டுப் பொருளாக வாய்க்கவில்லை. நீராவி போன பின்னர் 1978 சூறாவளி வந்தது. அதற்குப் பிறகு யுத்தம். பல வருடம் பொலன்னறுவைக்கு அப்பால் வண்டி வரவில்லை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகே மறுபடி மட்டக்களப்பு நிலையத்தில் கூவல் கேட்டது. அப்படித் திரும்பி வந்ததைப் பழம்பொருளாகப் பார்க்க யாருக்கும் மனம் வந்திராது. வந்ததே போதும் என்றிருந்தது. உதயதேவியில் இடம் பிடிப்பதே பெரிய பாடாக இருக்கும்போது, சும்மா ஏறிப்போக ஒரு வண்டி கேட்பது ஆடம்பரம் என்று சொல்பவரோடு நான் வாதாட வரவில்லை.

ஆனால் பாதையைப் பாருங்கள். மலைப்பாதையில் கிழட்டு எஞ்சின் ஒவ்வொரு ஏற்றத்திலும் மூச்சுவாங்கும். எங்கள் பாதை கரையோரச் சமதரை. வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே சுமார் முப்பது கிலோமீட்டர். நிலையங்கள் கிட்டக் கிட்ட. அந்தப் பழைய மலிவுப் பாதைக்கு ஏற்ற இலேசான நீராவி வண்டியும் நாட்டில் இருக்கிறது. 1920களில் இங்கிலாந்திலிருந்து வந்த சென்ரினல் ரயில்கார், எஞ்சினும் பெட்டியும் ஒரே உடம்பாக, செங்குத்துக் கொதிகலனோடு செய்தது. அகலப் பாதைக்குரிய ஒன்றை மீட்டு ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அதை மலையில் கஷ்டப்படுத்துவதை விட இங்கே கொண்டுவருவது புத்தி.

நடைக்கும் குறைவில்லை. கல்குடாவில் இறங்கினால் பனங்கூடலும் மணலுமாக நடந்து பாசிக்குடாக் கடலுக்குப் போகலாம்; முழங்கால் தண்ணீரில் நெடுந்தூரம் உள்ளே போகக்கூடிய கடல் அது. வந்தாறுமூலையில் பல்கலைக்கழக வளாகத்தைக் கடந்தால் வயல் வரம்புகள். மாரி முடிந்து நெல் பச்சைபிடித்திருக்கும் தை மாதத்தில் போக வேண்டும். மட்டக்களப்பு நிலையத்திலிருந்து கோட்டைமுனை வழியாகப் புளியந்தீவுக்கு நடந்தால் 1628இல் போர்த்துக்கீசர் கட்டத் தொடங்கிப் பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் இழந்த கோட்டை, 1814இல் மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ற் வந்திறங்கிய படித்துறை, அப்பால் கல்லடிப் பாலம். நிலா நாளில் அங்கே வள்ளத்தில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுநுனியில் காதை வைத்து மீன் பாட்டுக் கேட்பது ஊர்வழக்கம். புனானை, வெலிகந்தைப் பக்கம் மட்டும் கால்நடையாகப் போகாதீர்கள், யானைக் காடு. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே இந்தப் பாதையில் வந்த வண்டி மோதி ஒரே இரவில் ஆறு யானைகள் செத்தன. அந்தப் பகுதியில் எந்த வண்டியும் பழைய நீராவி வேகத்தில் போனால் யானைக்கும் நல்லது.

புகையிரதத் திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம். 2028இல் மட்டக்களப்புப் பாதைக்கு நூறு வயது. அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சென்ரினலையோ வேறொரு நீராவி எஞ்சினையோ மட்டக்களப்புக்கும் ஓட்டமாவடிப் பாலத்துக்கும் இடையே ஓட்டுங்கள். சாதாரண மூன்றாம் வகுப்புக் கட்டணம் வையுங்கள். கல்குடாவில் மூன்று மணி நேரம் நிறுத்துங்கள். மாவட்டச் செயலகமும் பல்கலைக்கழகமும் பள்ளிக்கூடங்களும் இப்போதே எழுதிக் கேட்டால்தான் கொதிகலனைச் சோதித்துத் தயார்செய்ய நேரம் இருக்கும்.