ஒன்றுபட்ட விஞ்ஞானக் கல்வி

கொல்லிமலையின் பழைய நாடுகளுள் ஒன்று எடப்புளி நாடு. இங்கே நாடு என்பது தேசம் அன்று. மலைச் சிற்றூர்கள் பல சேர்ந்த ஒரு பிரிவு. சாமையும் கேழ்வரகும் விளைந்த கொல்லிமலை நிலங்கள் பலவற்றில் பின்னாளில் மரவள்ளி இடம் பிடித்தது. இம்மாற்றத்தால் மண்ணுக்கு நேர்ந்தது என்ன? மண்ணின் சத்தை இரசாயனம் கூறும். சரிவில் ஓடும் மழைநீரின் வேகத்தைப் பௌதிகம் கூறும். பயிரின் இயல்பைத் தாவரவியல் கூறும். அடிப்பாறையின் தன்மையை நிலவியல் கூறும். வினா ஒன்று; விடையோ நான்கு துறைகளில் பிரிந்து கிடக்கிறது. ஒரு மாணவர் இவற்றை ஒருசேரக் கற்க இயலுமா?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் 1848-இல் இயற்கை விஞ்ஞானங்கள் பலவற்றை ஒரே தேர்வின்கீழ்க் கொணர்ந்தது. முதல் தேர்வு 1851-இல் நடந்தது. சென்னைப் பல்கலைக் கழகமோ இலண்டன் பல்கலைக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1857-இல் எழுந்தது. நாளடைவில் முதன்மைப் பாடம் ஒன்று, துணைப் பாடங்கள் ஓரிரண்டு என்னும் முறை இங்கே வேரூன்றியது. ஒரு துறையில் தேர்ச்சி பெற அது உதவியது. ஆயினும் துறைகளுக்கிடையே சுவரும் எழுந்தது.

அச்சுவரைத் தாண்டியவர் ஜி. என். இராமச்சந்திரன். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்ற அவர், 1952-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவரானார். தோலுக்கும் எலும்புக்கும் வலிவு தரும் கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு அந்நாளில் விளங்காத புதிராய் இருந்தது. எக்ஸ் கதிர்களைக் கொண்டு அதனை ஆராய்ந்து, மூன்று சுருள் இழைகள் இணைந்தது அது என்று, கோபிநாத் கர்த்தாவுடன் 1954-இல் அவர் வெளியிட்டார். உயிரியலின் புதிர், பௌதிகக் கருவியாலும் இரசாயன அறிவாலும் அவிழ்ந்தது.

அவர் தம் முயற்சியால் கடந்த எல்லையை மாணவர் பலரும் கடக்க வழி பின்னரே பிறந்தது. 2006-இல் புனேயிலும் கல்கத்தாவிலும் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள், முதலிரண்டு ஆண்டுகளில் எல்லா விஞ்ஞானங்களையும் கற்பித்து, அதன்பின் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் செய்தன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் 2011-இல் இவ்வகை நான்காண்டுப் பட்டப் படிப்பைத் தொடங்கியது.

மாணவர்களே, பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் பிரிவு வாழ்நாள் முழுமைக்கும் வேலியாகிவிடுவதுண்டு. தம் பள்ளியில் உள்ள ஓரிரு பிரிவுகளுக்குள்ளேயே தெரிந்தெடுக்க வேண்டிய சிற்றூர் மாணவர்க்கு அவ்வேலி இன்னும் உயரமானது. கல்லூரியில் நெகிழ்வு வேண்டுவது இதனால்தான். ஆயினும் பலவற்றை நுனிப்புல் மேய்வது கல்வியாகாது. பௌதிகத்தில் ஆழ வேரூன்றியதனாலேயே இராமச்சந்திரனால் உயிரியலில் கிளை பரப்ப முடிந்தது. ஒன்றில் ஆழமும் பலவற்றில் பழக்கமும் சேர்வதே நாம் நாட வேண்டிய கல்வி.