வீட்டைத் துறந்தோரும் உறவைத் துறவாதோரும்: கடலூர்ப் பகுதித் திருச்சபை வரலாற்றில் ஒரு கேள்வி

பெற்றோர் மீதும் பிள்ளைகள் மீதும் வைக்கும் பாசம் தம்மீது கொள்ளும் அன்புக்கு அடுத்தபடியாகத்தான் இருக்க வேண்டும் என்று இயேசு தம் சீடரிடம் கேட்டதை மத்தேயு நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் சொல்கிறது. தமிழ்த் திருச்சபை வரலாற்றில் இந்தக் கோரிக்கை பெரும்பாலும் மதம் மாறியவர் வீட்டைவிட்டு வெளியேறிய கதையாகவே பேசப்பட்டிருக்கிறது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவிலுள்ள கரையோரப் பகுதியையும், அதற்குத் தெற்கே தரங்கம்பாடியையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு உண்மை தெரிகிறது. வீட்டைத் துறந்தது தொடக்கம்தான். கடவுளா உறவா என்ற கேள்வி கடுமையாக எழுந்தது கோயிலுக்குள்ளே, சாதி என்னும் விரிந்த உறவு வட்டத்தில்.

லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். அவருக்குத் துணையாக இருந்த கணபதி வாத்தியார், பெற்றோரின் கடும் எதிர்ப்பை மீறி 1709இல் ஞானஸ்நானம் பெற்றார். பெற்றோரின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மூத்த மகன் போய்விட்டால் கொள்ளி வைப்பவர் யார், திதி கொடுப்பவர் யார், கூடப்பிறந்தவளுக்கு மாப்பிள்ளை வருவானா என்பவை ஒரு குடும்பத்தின் உயிர்க்கேள்விகள். கடலூரின் சைவ வேளாள வணிகக் குடும்பத்தில் பிறந்த ஆறுமுகம் 1718இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பரில் குருப்பட்டமும் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபையில் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1745இல் இறக்கும்வரை ஊர் ஊராகச் சென்று சபைகளைப் பேணினார். பிறந்த வீட்டின் சமயத்தை விட்டவரே சபைக்குத் தலைமை ஏற்கத் தகுந்தவர் என்ற நம்பிக்கைக்கு அவர் வாழ்வு சான்று.

ஆனால் அதே காலத்தில் அதே தரங்கம்பாடி மிஷனில் நடந்த இன்னொன்று என் வாதத்துக்கு அடிப்படையானது. தஞ்சை அரசின் படையில் இருந்த ராஜநாயக்கன், 1720களின் பிற்பகுதியிலிருந்து மிகத் திறமையான உபதேசியாராக உழைத்தவர், பறையர் குலத்தவர். குருப்பட்டத்துக்கு அவர் பெயர் பேசப்பட்டபோது, அவர் கையால் திருவிருந்து வாங்க உயர்சாதிக் கிறிஸ்தவர் இசையமாட்டார் என்ற காரணம் குறுக்கே நின்றது. 1741இல் பட்டம் தியோகு என்ற வேறொருவருக்குப் போயிற்று. தகப்பன் வீட்டை விட்டு வந்தவர்களால் கொள்வினை கொடுப்பினை வட்டத்தை விட முடியவில்லை. கத்தோலிக்கப் பக்கத்திலும் இதே நிலைதான்: புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையரைப் பிரித்து நின்ற சுவர் பற்றிய பூசலை ஆனந்தரங்கப் பிள்ளை 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு வரும். சாதி வெறும் உலக வழக்கம், சமயத்தைச் சேர்ந்ததன்று, அதை வற்புறுத்தி நீக்க வேண்டியதில்லை என்று சான்றோர் பலர் கருதினர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை அறவே விட வேண்டும் என்று ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையைவிட்டு விலகினர். கிறிஸ்துவைப் பாடுவதற்கே வாழ்வை ஒப்படைத்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்கூட, அதற்கு முன்பே, சாதி ஒழிப்பைக் கட்டாயமாக்கிய இளம் மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். லைப்சிக் மிஷனின் கார்ல் கிரவுல் பொறுமையே வழி என்றார். அவர்களுடைய பக்தியை நான் ஐயுறவில்லை. ஆனால் உடையும் உணவும் உலக வழக்கம் என்றால் ஏற்கலாம். திருவிருந்துக் கிண்ணத்தை யார் நீட்டலாம் என்பதை முடிவு செய்யும் ஒன்றை எப்படி அவ்வாறு ஏற்பது? அந்த இடத்தில் உறவுதான் முதலில் நிற்கிறது, கடவுள் அதற்குப் பின்னால்.

இதை விளங்கிக்கொண்டவர் அதே மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ். சாதிக்கு இடங்கொடுத்த லைப்சிக் போக்கோடு ஒத்துப்போக முடியாமல் பிரிந்து, 1860களின் தொடக்கத்தில் பண்ருட்டிக்கும் கடலூருக்கும் இடையிலுள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற பணித்தளத்தை அமைத்தார். டேனிஷ் மிஷன் அதை ஏற்று வளர்த்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை இந்தப் பிரிவின் வழிவந்ததே.

அதே தலைமுறையில் சட்டம் மறுபுறம் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. மதம் மாறியவர் பரம்பரைச் சொத்துரிமையை இழக்கமாட்டார் என்றது 1850இன் 21ஆம் சட்டம். துணைவர் சமயம் காரணமாகச் சேர்ந்து வாழ மறுத்தால், ஓராண்டு அவகாசம் கொடுத்துப் பின் மணத்தை முறிக்கலாம் என்றது 1866இன் 21ஆம் சட்டம். நம்பாத துணை பிரிய விரும்பினாலன்றி நம்பியவர் தாமாகப் பிரியக் கூடாது என்ற பவுலின் அறிவுரை இதன் பின்னணியில் தெரிகிறது. இவற்றால் வீட்டைத் துறப்பதற்கான விலை குறைந்தது. சபைக்குள் உறவைத் துறப்பதற்கான விலையை எந்தச் சட்டமும் தொடவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. நிலமோ சொத்தோ இல்லாத பண்ணையாளுக்கு உறவினரே அரண். பண்ணைக்காரரின் மிரட்டலை அவர்கள் சேர்ந்து நின்றுதான் தாங்கினர், சேரிசேரியாகத்தான் சபைக்கு வந்தனர். அவர்களிடம் உறவை விடு என்பது கொடுமை அல்லவா? கொடுமைதான். துறவுக் கோரிக்கையின் சுமை எல்லார் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. எனவே அது முதலில் யாரிடம் கேட்கப்பட வேண்டும் என்பதும் தெளிவு: உறவால் மேன்மை பெற்றவரிடம். பக்தி உறவின் வழியே பரவுவது வேறு. உறவு பக்திக்கு எல்லை போடுவது வேறு. ராஜநாயக்கனுக்குப் பட்டம் மறுத்தது இரண்டாவது வகை.

உறவு போட்ட இந்த எல்லை நம் காலத்திலும் நீடித்தது. புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் வன்னியக் கிறிஸ்தவரும் தலித் கிறிஸ்தவரும் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களில் புதைக்கப்பட்டனர். தலித் மக்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் எழுந்த மோதலில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இரு தரப்பினரும் பல தலைமுறைகளாக ஒரே கோயிலில் நற்கருணை பெற்றவர்கள்.